ஓஎம்ஆர்ல பதிமூணு வருஷம்: டெவலப்பர் வேலை பத்தி என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

காலேஜ் ஜூனியர்ஸ், ஊர்ல சித்தப்பா பெரியப்பா பசங்க, டீம்ல புதுசா சேர்ற தம்பி தங்கச்சிங்கன்னு வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் வாட்ஸப்ல இதே கேள்விகளத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு மாளல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். இதுல இருக்குறது என் அனுபவம், என் கருத்து. சட்டம், பிஎஃப்னு வர்ற எடத்துல மட்டும் தெரிஞ்சத சரி பாத்து எழுதிருக்கேன்.

அண்ணா, உங்க பின்னணி என்ன?

விருதுநகர் பக்கம் ஊரு. 2012-ல மெக்கானிக்கல் முடிச்சேன், கேம்பஸ்ல எடுத்தது சாஃப்ட்வேர் கம்பெனி. மூணு மாசம் ஜாவா ட்ரெயினிங், அப்புறம் சென்னைல ஐடி கம்பெனிங்க வரிசையா இருக்குற ஓஎம்ஆர் ரோட்டுல, சோழிங்கநல்லூர்ல ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கிளையன்ட் ப்ராஜெக்ட். ஏழு வருஷம் அங்கயே இருந்தேன், அடுத்து இன்னொரு கம்பெனில பேங்க் ப்ராஜெக்ட், 2022 ஆரம்பத்துல இருந்து ஆஸ்பத்திரி பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற ஒரு சின்ன கம்பெனி. இன்னைக்கும் கோடு எழுதிட்டுத்தான் இருக்கேன்.

கோடு எழுதுறது அவ்ளோ கஷ்டமா? எல்லாரும் ஏன் இப்படி வெறுத்துப் பேசுறாங்க?

கோடு எழுதுறதுல வெறுப்பு வந்து போனவங்க ரொம்பக் கம்மி, நான் பாத்த வரைக்கும் விரல் விட்டு எண்ணிரலாம். வெறுப்பு வர்றது தேதில. வேலை பாக்கப் போறவங்க கிட்ட கேக்காமலே குடுக்குற தேதி.

ஒரு விஷயம் சொல்றேன், 2016-ல நடந்தது. பாலிசி ரினிவல் ஸ்க்ரீன்ல ஒரு மாத்தம், பழைய டேட்டாவையும் புது டேபிளுக்கு மாத்தணும். எஸ்டிமேட் குடுங்கன்னாங்க. ரெண்டு நாள் உக்காந்து எந்தெந்த ஃபைலத் தொடணும், தானா ஓடுற எந்த பேட்ச் ஜாப் உடையும்னு ஒவ்வொன்னா எழுதிப் பாத்து 38 நாள்னு போட்டேன். எக்செல் ஷீட்ல டிஎல் (டீம் லீடர்) அத 30 ஆக்கினாரு, மேனேஜர் 22 ஆக்கினாரு. அந்த ஷீட் திரும்பி எனக்கு வந்தப்ப என் பேருக்கு நேரா 15-ன்னு இருந்துச்சு. கிளையன்ட்டுக்கு மூணு வாரம்னு சேல்ஸ்ல இருந்து முன்னாடியே வாக்கு குடுத்துட்டாங்களாம், என்கிட்ட எஸ்டிமேட் கேக்குறதுக்கு பத்து நாளைக்கு முன்னாடியே. அப்புறம் எதுக்கு என்னைய ரெண்டு நாள் உக்கார வெச்சு எழுதச் சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருந்து, டெஸ்டிங்க பாதியா வெட்டி, எப்படியோ முடிச்சுக் குடுத்தோம், ப்ராட், அதாவது கிளையன்ட் நிஜமா யூஸ் பண்ற சிஸ்டத்துக்குப் போன மூணாவது நாள் பழைய பாலிசி 600-க்கும் மேல தப்பான பிரீமியத்தோட லெட்டர் போயிருச்சு. அதுக்கு எஸ்கலேஷன், அதாவது மேலிடத்துக்குப் புகார், வந்தது என் பேர்ல. மொத்தமா எல்லாம் சரியாக 41 நாள் ஆச்சு.

அந்த எக்செல் ஷீட்ட நான் மறக்கவே மாட்டேன். கீழ வர்ற பாதி கேள்விக்கு வேர் அங்கதான் இருக்கு.

எல்லா டெட்லைனும் தப்புன்னு சொல்றீங்களா?

இல்லப்பா. 2022 ஜூன் கடைசில ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, ஐசியூ இல்லாத ஆஸ்பத்திரி ரூம் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேல போனா 5% வரின்னு முடிவு பண்ணாங்க, ஜூலை 18-ல அமலுக்கு வந்துச்சு. எங்களுக்கு மூணு வாரம் கூட இல்ல. அது நிஜமான தேதி, ஜூலை 17 ராத்திரி 12 மணிக்கு மேல போடுற பில்லு சரியா இருந்தே ஆகணும். நாங்க அஞ்சு பேரும் முணுமுணுக்காம ஞாயித்துக்கெழமையும் வந்து பாத்தோம். ஏன்னா மேனேஜர் முதல்ல எங்களத்தான் கூப்ட்டு, இந்த நாளுக்குள்ள என்ன முடியும், என்னத்தத் தள்ளி வைக்கலாம்னு கேட்டாரு. அட்மிஷன் நடுவுல ரூம் மாறுனவங்க கணக்க முதல்ல எடுத்துக்கிட்டோம், ரிப்போர்ட்டெல்லாம் ஆகஸ்ட்டுக்குத் தள்ளிட்டோம். தேதி அதே மாதிரி நெருக்கடிதான், ஆனா யாருக்கும் வயித்தெரிச்சல் இல்ல.

லேட்டாகுதுன்னா நாலு பேரக் கூட சேக்குறாங்களே, அது நல்லதுதானே?

ஃப்ரெட் ப்ரூக்ஸ்னு ஒருத்தர், 1960கள்ல ஐபிஎம்ல ஓஎஸ்/360ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் பண்ண டீமுக்குத் தலைமையா இருந்தவர். லேட்டான சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ல ஆள் சேத்தா இன்னும் லேட்டாகும்னு அவர் 1975-லயே எழுதி வெச்சிட்டார். கணக்கு சிம்பிள்: அஞ்சு பேர் இருந்தா ஒருத்தருக்கொருத்தர் பேச 10 ஜோடி, பத்து பேர் ஆனா 45 ஜோடி. புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கப் போறது யாரு, ஏற்கனவே ராத்திரி பகலா ஓடிட்டு இருக்குற அதே ஆளுங்கதான். என்னோட முதல் ப்ராஜெக்ட்ல ரிலீஸுக்கு ஒரு மாசம் இருக்கும்போது பெஞ்ச்ல, அதாவது ப்ராஜெக்ட் இல்லாம காத்திட்டு இருந்தவங்கள்ல இருந்து, ஆறு பேர அனுப்புனாங்க. அவங்களுக்கு கிளையன்ட் லாகின் ஐடி வரவே மூணு வாரம் ஆச்சு. பாவம், அந்தப் பசங்க தினம் வந்து டாக்குமென்ட் படிச்சிட்டு டைம்ஷீட் போட்டுட்டுப் போவாங்க, அவங்களுக்கும் அது எவ்ளோ கூச்சமா இருந்திருக்கும்.

ஸ்டாண்டப் மீட்டிங் எதுக்கு?

2001-ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல 17 பேர் கூடி சாஃப்ட்வேர் எப்படிப் பண்ணணும்னு அஜைல்ங்கற பேர்ல நாலு வரி எழுதுனாங்க, சாஃப்ட்வேர் பண்றவங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கணும்ங்கறதுதான் அதோட உயிர். அஜைல்ல ஒரு வகையான ஸ்க்ரம் முறைல தினசரி மீட்டிங், அதாவது இந்த ஸ்டாண்டப், 15 நிமிஷம், வேலை பாக்குறவங்க தங்களுக்குள்ள பேசிக்கிறதுக்கு. நம்ம ஊர்ல பல எடத்துல அது மேனேஜருக்கு அட்டெண்டன்ஸ் குடுக்குற மாதிரி ஆயிருச்சு. 12 பேர், 50 நிமிஷம், உங்க டர்ன் வர்ற வரைக்கும் மியூட்ல இருக்கணும். நான் டீம் பாத்துக்கிட்டப்ப ரெண்டு மூணு பேருக்கு மட்டும் சம்பந்தப்பட்ட பேச்ச நிறுத்திட்டு தனியா பேசிக்கங்கன்னு சொல்லிருவேன், 12 நிமிஷத்துல முடிஞ்சிரும்.

நைட் கால் பழகிருமா?

பழகாது. எங்க இன்சூரன்ஸ் கிளையன்ட் நியூயார்க் டைம்ல இருந்தாங்க, அவங்களுக்கு காலைல 11 மணின்னா நமக்கு ராத்திரி எட்டரை. நவம்பர் முதல் ஞாயித்துக்கெழமை அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் திருப்பி வெச்சதும் அதே கால் ஒம்பதரைக்குப் போயிரும், மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் அப்படியேதான். அவங்க ஊர்ல ஒரு கடிகார முள்ளு நகந்தா இங்க என் பொண்ணு நான் வர்றதுக்குள்ள தூங்கிருவா. நாலு மாசம் அவ முழிச்சிருந்து நான் பாத்தது சனி ஞாயிறு மட்டும்தான்.

இத நான் தயங்கித் தயங்கி ஒரு தடவ கால்லயே கிளையன்ட் அம்மா கிட்ட சொன்னேன். அவங்களுக்கு அது தெரியவே தெரியாது, "அய்யோ ஏன் முன்னாடியே சொல்லல"ன்னு கேட்டு அடுத்த வாரமே காலை எட்டரைக்கு மாத்திட்டாங்க, நமக்கு சாயங்காலம் ஏழு மணி. நாலு வருஷமா நம்ம பக்கத்துல யாரும் வாயத் தொறந்து கேட்டதே இல்ல. அதனால கேளுங்க, மரியாதையா, என்ன டைம் வேணும்னு குறிப்பா கேளுங்க.

சப்போர்ட் வேலைக்குப் போகலாமா, டெவலப்மென்ட்தான் பெஸ்ட்டா?

சப்போர்ட்ல, அதாவது ஓடிட்டு இருக்குற சிஸ்டத்துல வர்ற கோளாறப் பாக்குற வேலைல, ரெண்டு வருஷம் இருந்தவங்களுக்கு சிஸ்டம் எப்படி உடையும்னு தெரியும், அந்த அறிவு டெவலப்மென்ட்ல மட்டும் இருந்தவங்களுக்கு லேசுல வராது. ஆனா லீவுல இருந்தாலும் ஃபோன் வரும்ங்கறத ஏத்துக்கிட்டுப் போங்க.

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கெழம. பேங்க் ப்ராஜெக்ட்ல இருந்தேன். தங்கச்சிக்கு ஞாயித்துக்கெழம வளைகாப்பு, பெருங்களத்தூர்ல பைய வெச்சிட்டு பஸ்ஸுக்கு நின்னுட்டு இருக்கேன், ஃபோன் வருது. லாக்4ஜேல ஓட்டை, உலகம் பூரா எல்லாரும் பேட்ச் போட்டுட்டு இருக்காங்க, உடனே வாங்கன்னு. ஜாவால லாக் எழுதுற ஒரு சின்ன லைப்ரரி அது, அதுல ஒரு குறிப்பிட்ட மாதிரி எழுத்த அனுப்புனாலே வெளில இருக்குறவன் நம்ம சர்வர்ல தன் கோட ஓட்டலாம். பஸ்ஸ விட்டுட்டுத் திரும்பிட்டேன். எங்க கோடுல லாக்4ஜேய நாங்க நேரா போடவே இல்ல, நாங்க யூஸ் பண்ண வேற ஒரு லைப்ரரியோட ஜார் ஃபைலுக்குள்ள ஒளிஞ்சு இருந்துச்சு. மொத்தம் எத்தன எடத்துல இருக்குன்னு யார் கிட்டயும் லிஸ்ட் இல்ல. ராத்திரி பூரா ஒவ்வொரு சர்வரா ஏறி ஏறித் தேடுனோம். ஓட்டைய அடைச்ச 2.15ங்கற புது வெர்ஷன் போட்டு முடிச்சோம், அதுல ஓட்டை இருக்குன்னு 2.16, திரும்ப 2.17, அந்த மாசம் முடியறதுக்குள்ள 2.17.1. வளைகாப்ப வீடியோ கால்ல பாத்தேன், அதுவும் பாதில கட் பண்ணிட்டேன்.

எனக்கு கோவம் அந்த ஓட்டை மேல இல்ல. அத எழுதிப் பராமரிக்கிறவங்க சம்பளம் இல்லாம சொந்த நேரத்துல பாக்குற தன்னார்வலர்கள், அந்த மாசம் அவங்களும் தூங்கிருக்க மாட்டாங்க. லைப்ரரிகளையெல்லாம் அப்டேட் பண்ண வருஷத்துக்கு ரெண்டு வாரம் குடுங்கன்னு நாங்க ரெண்டு வருஷமா ஒவ்வொரு ப்ளானிங்லயும் கேட்டுட்டே இருந்தோம், இதுல பிசினஸ் வேல்யூ இல்லன்னு எடுத்து எடுத்துக் கீழ போட்டாங்க. அந்த ரெண்டு வாரம் கெடச்சிருந்தா எங்க கிட்ட லிஸ்ட் இருந்திருக்கும், நான் பஸ் ஏறிருப்பேன்.

அப்ரைசல்ல நல்லா வேலை பாத்தும் "மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்" தான் போடுறாங்க, ஏன்?

பெல் கர்வுன்னு ஒன்னு இருக்கு. டீம்ல இத்தன சதவீதம் பேருக்குத்தான் மேல் ரேட்டிங், இத்தன பேர் கீழ விழுந்தே ஆகணும்னு முன்னாடியே அளவு போட்டு வெச்சிருப்பாங்க. ஜெனரல் எலக்ட்ரிக்ல ஜாக் வெல்ச் காலத்துல 20, 70, 10-ன்னு பிரிச்சாங்க, அதுதான் எல்லா பக்கமும் பரவுச்சு. மைக்ரோசாஃப்ட் 2013-லயே இந்த வரிசைப்படுத்துறத கைவிட்டாச்சு. ஆனா எட்டு பேர் இருக்குற டீம்ல, எட்டு பேரும் நல்லா பண்ணிருந்தாலும், ஒருத்தரக் கீழ தள்ளியே ஆகணும்னு எங்க மேனேஜர் தலைல கை வெச்சு உக்காந்திருந்ததப் பாத்திருக்கேன்.

அந்த வருஷம் கீழ விழுந்தது என் டீம்ல இருந்த ஒரு பொண்ணு. சட்டப்படி 26 வாரம் மகப்பேறு விடுப்புல போய்ட்டு வந்தவங்க. பாதி வருஷம் வேலையே பாக்கலையேன்னு காரணம் சொன்னாங்க. 2017-ல சட்டத்த மாத்தி 12 வாரத்த 26 ஆக்குனது இப்படி ஒரு கணக்கு போடுறதுக்கா? நான் அப்ப எதுத்துப் பேசல, பக்கத்து சீட்ல உக்காந்து தலையக் குனிஞ்சு இருந்துட்டேன். அது இன்னும் உறுத்துது.

உங்களால செய்யக் கூடியது ஒன்னு: செஞ்ச வேலைய மாசா மாசம் ரெண்டு வரி எழுதி வெச்சிட்டு வாங்க, தேதியோட, யாருக்கு என்ன பலன்னு. மார்ச்ல உக்காந்து ஏப்ரல்ல என்ன பண்ணோம்னு யோசிச்சா ஒன்னும் ஞாபகம் வராது.

ஒரே கம்பெனில இருந்தா நல்லதா, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாறணுமா?

சம்பளத்துக்காக மட்டும்னா மாறுறவங்களுக்குத்தான் கூடக் கெடைக்குது, அத மறைச்சுப் பேசி பிரயோஜனம் இல்ல. நான் ஆறு வருஷம் முடிச்சப்ப 7.2 லட்சம் வாங்கிட்டு இருந்தேன். நாலு வருஷ அனுபவத்தோட ஒரு தம்பி 11 லட்சத்துக்குச் சேந்தாரு, அவருக்கு கேடி குடுத்தது, அதாவது ப்ராஜெக்ட் வேலையச் சொல்லிக் குடுத்தது, நான். அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நல்ல பையன், இன்னும் பேசிக்கிறோம். ஆனா என்னோட கணக்கு: புதுசா ஏதாச்சும் கத்துக்கிட்டு இருக்கேனா, என் வார்த்தையக் கேட்டு ஒருத்தராச்சும் முடிவு எடுக்குறாங்களா. ரெண்டும் இல்லாம ஒரு வருஷம் போச்சுன்னா ரெஸ்யூம எடுத்துருவேன். ஒரு வருஷத்துக்குள்ள மூணு தடவ மாறுறதும் வேண்டாம், நீங்க எழுதுன கோடு எப்படி வயசாகுதுன்னு பாக்காமலே போயிருவீங்க.

ஆஃபர் லெட்டர்ல 3.5 லட்சம்னு இருக்கு, கைக்கு எவ்ளோ வரும்?

ஃப்ரெஷர்ஸுக்கு சர்வீஸ் கம்பெனிகள்ல பத்து வருஷத்துக்கு மேலா இந்த மூணரை லட்சத்தச் சுத்தியேதான் ஓடுது, வேளச்சேரி வாடகை அப்படியே நிக்குதா என்ன? 3.5 லட்சத்த 12-ஆல வகுத்தா 29,166. ஆனா அது சிடிசி, அதாவது உங்களுக்காக கம்பெனிக்கு ஆகுற மொத்தச் செலவு. அதுக்குள்ள கம்பெனி உங்க பிஎஃப்ல போடுற பங்கு, கிராஜுவிட்டிக்குன்னு (பல வருஷம் இருந்துட்டுப் போகும்போது கம்பெனி குடுக்குற தொகை) பேசிக்ல, அதாவது அடிப்படைச் சம்பளத்துல, 4.81%, இன்சூரன்ஸ், வேரியபிள்னு (நிச்சயமில்லாத ஊக்கத்தொகை) எல்லாம் அடக்கம். அதுக்கப்புறம் உங்க பங்கு பிஎஃப், தொழில் வரி. கைக்கு 22, 23 ஆயிரம் வந்தா ஆச்சரியப்படாதீங்க. வேரியபிள்ங்கறத வந்தா பாத்துக்கலாம்னு வெச்சிக்கங்க, அத நம்பி பைக் ட்யூ போடாதீங்க.

90 நாள் நோட்டீஸ், பாண்டு இதெல்லாம் செல்லுமா? சர்ட்டிபிகேட்ட வாங்கி வெச்சிக்கிறாங்களே?

ஒரிஜினல் மார்க்‌ஷீட்ட யாருக்கும் குடுக்காதீங்க. சரிபாத்துட்டு அன்னைக்கே திருப்பிக் குடுத்தாச் சரி, பாண்டு முடியுற வரைக்கும் வெச்சிப்போம்னா அந்த எடம் வேண்டாம்.

இத்தன வருஷம் இருப்பேன், இல்லாட்டி பணம் கட்டுவேன்னு எழுதிக் குடுக்குற பாண்டு விஷயத்துல பாதிப் பேர் செல்லவே செல்லாதுன்னு அடிச்சு விடுறாங்க, அத நம்பாதீங்க. 1872 ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவு ஒருத்தர் தொழில் செய்யுறதத் தடுக்குற ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது, அதனாலதான் வேலைய விட்டப்புறம் இந்தக் கம்பெனிக்குப் போகக் கூடாதுங்கற ஷரத்து பொதுவா நிக்காது. ஆனா 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒரு பொதுத்துறை பேங்க் கேஸ்ல, மூணு வருஷம் இருக்கணும் இல்லாட்டி 2 லட்சம் கட்டணும்ங்கற நிபந்தனை செல்லும்னு தீர்ப்பு சொல்லிருக்கு. அதனால கையெழுத்துப் போடும் முன்னாடி படிங்க, ட்ரெயினிங்னு நிஜமாவே எதாச்சும் குடுத்தாங்களான்னு பாருங்க.

90 நாள்தான் எனக்குப் பெரிய கடுப்பு. புதுக் கம்பெனி 30 நாள்ல வான்னும், பழசு 90 நாள் இருன்னும், ரெண்டுமே அதே ஓஎம்ஆர்ல எதிரெதிர் பில்டிங். பேப்பர் போட்ட, அதாவது ராஜினாமா குடுத்த, அன்னைக்கே கேடி ப்ளான் ஒன்ன நீங்களே எழுதி மெயில்ல அனுப்பிருங்க, எந்த நாள்ல எது முடியும்னு. என்னைய 48-வது நாள் விட்டாங்க, அந்த மெயில்தான் காரணம். ரிலீவிங் லெட்டர் இல்லாம மட்டும் வெளில வராதீங்க.

பிஎஃப்ப எடுத்துரலாமா?

வேலை மாறும்போது எடுக்காதீங்க, யூஏஎன், அதாவது உங்க பிஎஃப் நம்பர், ஒன்னுதான், பணத்தப் புதுக் கம்பெனி கணக்குக்கு மாத்திக்கங்க. தொடர்ச்சியா அஞ்சு வருஷம் ஆகாம எடுத்தா வரி வரும், பென்ஷனுக்கு மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேணும். கிராஜுவிட்டி, நிரந்தர வேலைன்னா அஞ்சு வருஷம். கடைசி பேசிக்க 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கி, வருஷத்தால பெருக்கணும். 30,000 பேசிக், ஆறு வருஷம்னா 1,03,846 ரூபா. நாலே முக்கால் வருஷத்துல வெளிய போறேன்னு ஒரு தங்கச்சி சொன்னப்ப இத உக்கார வெச்சு கணக்கு போட்டுக் காமிச்சேன்.

ஹெச்ஆர் ரூமுக்குக் கூப்ட்டு ரிசைன் பண்ணுன்னு சொன்னா?

அங்கயே உக்காந்து மெயில் அடிக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். வீட்ல பேசிட்டு சொல்றேன்னு எந்திரிச்சு வாங்க. ஒரு வருஷம் முடிச்ச தொழிலாளிய ஆட்குறைப்பு பண்ணா நோட்டீஸும், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடும் குடுக்கணும்னு சட்டம் இருக்கு, நீங்களா ரிசைன் பண்ணேன்னு எழுதிக் குடுத்த நிமிஷம் அது உங்களுக்கு இல்லாமப் போயிரும். பதவிப் பேரு என்னவா இருந்தாலும் நிஜமா பாக்குற வேலைய வெச்சுத்தான் தொழிலாளியா இல்லையான்னு பாப்பாங்க. ஐடி கம்பெனிகளுக்குத் தொழிலாளர் சட்டத்துல விலக்கு இல்லன்னு 2016-லயே தமிழ்நாடு அரசு தெளிவாச் சொல்லிருச்சு, ஐடி ஊழியர்களுக்கு சங்கங்களும் இருக்கு. சங்கம்னா நம்ம படிச்சவங்களுக்கு எதுக்குன்னு நெனைக்காதீங்க, என் அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல போனஸ் வாங்குனதே சங்கத்தாலதான்.

ஏஐ வந்துருச்சே, இனிமே டெவலப்பர் வேண்டாமா?

பயப்படுறது நியாயம்தான். 2025 ஜூலைல டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல குறைக்கப் போறதா சொன்னப்ப எங்க குரூப்ல ரெண்டு நாள் யாரும் சரியாப் பேசல. நானும் தினம் ஏஐ வெச்சுத்தான் வேலை பாக்குறேன், டைப் அடிக்கிற நேரம் நல்லாவே கொறஞ்சிருக்கு. படிச்சுப் பாக்குற நேரம் கூடிருக்கு.

போன மாசம் ஒரு தம்பி பில் தொகையக் கூட்டுற கோட ஏஐ கிட்ட வாங்கிட்டு வந்தாரு. பாக்க அழகா இருந்துச்சு, டெஸ்ட்டும் பாஸ். ஆனா பணத்த டபுள்ல, அதாவது தசமத்தத் தோராயமா வெச்சிக்கிற டைப்ல, வெச்சிருந்துச்சு. அதுல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கன்னேன், 0.30000000000000004-ன்னு வந்துச்சு. அந்தத் தம்பி முகத்துல ஒரு திகைப்பு. காசு கணக்குக்கு தசமத்த அப்படியே வெச்சிக்கிற பிக்டெசிமல்தான் போடணும், ஒரு லட்சம் பில்லுல இந்தத் துளி சேந்து வந்தா ஆடிட்ல மாட்டிக்குவோம்னு சொன்னேன். எனக்குக் கவலை இதுதான்: இந்த மாதிரி சின்னச் சின்ன வேலைல அடிபட்டுத்தான் நாங்கெல்லாம் கத்துக்கிட்டோம், அந்தச் சின்ன வேலையெல்லாம் ஏஐக்குப் போயிட்டா புதுசா வர்றவங்க எங்க அடிபடுவாங்க? அதனாலதான் வாரத்துக்கு ஒரு டிக்கெட், அதாவது குடுத்த வேலைல ஒன்னு, ஏஐ இல்லாம பண்ணச் சொல்றேன், அதுக்கான நேரத்தையும் ப்ளான்ல கேட்டு வாங்கிருக்கேன்.

35 வயசுக்கு மேல மேனேஜர் ஆகலன்னா மதிப்பில்லையாமே?

ஊர்ல கல்யாண வீட்ல கேப்பாங்க, இன்னுமா கோடு எழுதுறன்னு. மனுஷங்கள நல்லாப் பாத்துக்கத் தெரிஞ்சவங்க மேனேஜர் ஆகட்டும். எனக்கு அது வரல, ஒரு வருஷம் டிஎல்லா இருந்து நானே எழுதிக் கேட்டு திரும்பி வந்தேன்.

வீட்ல இருந்தே வேலை, சொந்த ஊர்ல வேலை சாத்தியமா?

தென்காசி பக்கம் மத்தளம்பாறைல ஸோஹோ ஆபீஸ் ஓடுது, சாத்தியம்தான். மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட ஓஎம்ஆர்ல தினம் ரெண்டரை மணி நேரம் பஸ்ல உக்காந்துட்டு, ஆபீஸ் வந்து அதே டீம்ஸ் கால்ல பெங்களூர் ஆளுங்க கூடப் பேசுறதுக்கு எதுக்கு கார்ட ஸ்வைப் பண்ற அட்டெண்டன்ஸ் கணக்குன்னு நானும் கேட்டிருக்கேன். ஆனா முதல் ரெண்டு வருஷம் ஆபீஸ் வாங்க, பக்கத்துல உக்காந்து பாக்குறதுல கெடைக்கிறது வேற. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப பள்ளிக்கரணைல மூணு நாள் கரண்ட் இல்லாம இருந்த பையனுக்கு "இன்னைக்கு ஸ்டேட்டஸ் என்ன"ன்னு மெசேஜ் வந்ததும் நிஜம். அந்த மாதிரி எடத்துல வீட்ல இருந்தா என்ன, ஆபீஸ்ல இருந்தா என்ன.

இவ்ளோ சொல்றீங்க, அப்புறம் ஏன் இன்னும் இந்த வேலைல இருக்கீங்க?

போன வருஷம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், மதுரைல ஒரு ஆஸ்பத்திரி. பில் கவுண்டர்ல நிக்கும்போது பாத்தா ஸ்க்ரீன்ல ஓடுறது எங்க சாஃப்ட்வேர். கவுண்டர்ல இருந்த பொண்ணு ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் பேரு அடிச்சிட்டு, மவுச எடுத்து அடுத்த கட்டத்துல கிளிக் பண்ணிட்டு, திரும்பக் கீபோர்டுக்கு வருது. என்டர் அடிச்சா கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போகணும், போகல. எனக்குப் பின்னாடி பதினாலு பேர் நிக்கிறாங்க. "ஒரு நாளைக்கு எத்தன பில்லும்மா போடுவீங்க"ன்னு கேட்டேன், முந்நூறு வரும்ணேன்னு சொல்லிட்டு வலது மணிக்கட்ட லேசா உதறிக்கிட்டாங்க. அந்த ஸ்க்ரீன எழுதுனது நான்தான்னு சொல்ல வாய் வரல.

திங்கக்கெழம ஆபீஸ் போய் மொத வேலையா அதத்தான் எடுத்தேன். மூணு லைன். மத்தியானத்துக்குள்ள டெஸ்டிங் முடிஞ்சு, அந்த வார ரிலீஸ்லயே போயிருச்சு.